பத்தொன்பதாம் தாள்

இன்றைக்குப் பகல் பன்னிரண்டு மணிக்கு என் தங்கை பாவாயி செத்துப்போவாள் என்று நான்தான் எழுதிக் கொடுத்திருக்கிறேன், என் கையால், நீல மையில், அடியில் அர்த்தநாரி என்று கையெழுத்தும் போட்டு. இப்போது கேபின் கடிகாரத்தில் பத்து நாற்பது. அது நாலு நிமிஷம் முந்தி ஓடும், அப்படியென்றால் பத்து முப்பத்தாறு, நாலு நிமிஷம் மிச்சம், நாலு நிமிஷத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது, ஒரு பீடி பிடிக்கலாம், டேங்கரில் பீடி கூடாது என்று கதவிலேயே மண்டையோடு படம் போட்டு ஒட்டியிருக்கிறது, மண்டையோட்டைப் பார்க்காதே, மலையைப் பார். முன் கண்ணாடி முழுக்க சங்ககிரி மலை. வெயிலில் அது கொஞ்சம் அசைகிற மாதிரி இருக்கிறது, மூச்சு விடுகிற மாதிரி, வெயில் அப்படித்தான் காட்டும், நாற்பது வருஷமாக எத்தனை தார் ரோட்டில் எத்தனை தண்ணீர் பார்த்திருக்கிறேன், கிட்டே போனால் ஒன்றும் இருக்காது. வண்டி நிற்கிறது. பத்தொன்பது நாளாக லாரிப் பேட்டையில் நிற்கிறது. பக்கத்தில் இருபத்தோரு டேங்கர்களும் மூக்கை ஒரே பக்கம் வைத்து நிற்கின்றன, துக்கம் கேட்க வந்தவர்கள் வரிசையாக நிற்கிற மாதிரி, சீ, என்ன நினைப்பு இது, பந்திக்கு உட்கார்ந்தவர்கள் மாதிரி என்று வைத்துக்கொள், பந்தி என்றாலும் எந்த வீட்டுப் பந்தி என்று மனசு கேட்கிறது. போன் ஸ்டியரிங்குக்கு முன்னால் கிடக்கிறது. கவிழ்த்து வைத்திருக்கிறேன். கவிழ்த்து வைத்தால் ஒலிக்காதா என்ன.

ஓட்டுகிற நாளுக்குக் கணக்கு இருக்கிறது, அதை யாரும் எழுத வேண்டாம், சீட்டுக்கு அடியில் ஒரு கறுப்புப் பெட்டி இருக்கிறது, எத்தனை மணிக்குச் சக்கரம் உருண்டது, எங்கே நின்றது, எல்லாவற்றையும் அதுவே மேலே அனுப்பிவிடும். ஓட்டாத நாளுக்குத்தான் தாள். நாங்கள் ஆசிட் ஏற்றுகிறவர்கள், ஆலைக்காரன் சொல்கிறான், உன் டிரைவர் நின்ற நாளில் மூட்டை தூக்கினானா, காட்டில் ஏர் ஓட்டினானா, தூங்கினானா, எனக்குத் தெரிய வேண்டும், அசந்துபோனவன் கையில் ஆசிட்டைக் கொடுக்க மாட்டேன் என்கிறான், நியாயம்தான். ஒரு தாளுக்கு இருபத்துநாலு கட்டம், மணிக்கு ஒரு கட்டம், ஓய்வா, காத்திருப்பா, வேறு வேலையா, விடுப்பா, அதற்குக் கீழே காரணம். போன மாசக் கடைசியில் ஆலையை மராமத்துக்கு மூடினார்கள். முப்பது நாள் வண்டி நிற்கும் என்றார்கள். ஆபீஸில் தாள் பார்க்கிற சசிரேகா, கெட்டிக்காரப் பெண், என்னைப் பெரியப்பா என்று கூப்பிடும், அது முப்பது தாளை நம்பர் போட்டு ஆளுக்கொரு கட்டாகக் கொடுத்து, தினம் ஒன்று எழுதுங்க என்றது. தினம் யார் எழுதுவது. டிரைவர்கள் எந்தக் காலத்தில் அன்றன்றைக்கு எழுதினார்கள். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து முப்பதையும் ஒரே மூச்சில் எழுதிக் கொடுப்பதுதான் வழக்கம், தேதி போடாமல் கொடுத்துவிட வேண்டியது, அந்தப் பெண் தினம் காலையில் வரிசையாக ஒரு தாளில் தேதி முத்திரை குத்தும். மற்றவன் எல்லாம் முப்பது தாளிலும் ஓய்வு ஓய்வு என்று எழுதினான். எனக்கு அது பிடிக்கவில்லை. முப்பது நாள் ஓய்வு எடுத்தவன் என்ன மனுஷன், பிணமா. நாலு பேனா வாங்கினேன், நீலம் இரண்டு, கறுப்பு ஒன்று, பச்சை ஒன்று. ஒரு தாளில் டீ சிந்தினேன். ஒன்றில் கிரீஸ் விரல் பதித்தேன். ஒன்றைக் கசக்கி நீவினேன். பார்த்தால் முப்பது நாள் வாழ்ந்த தாள் என்று தெரிய வேண்டும். ஓசூரில் முன் கியர் எல்லாம் போய், கிருஷ்ணகிரி வரைக்கும் ரிவர்ஸிலேயே வண்டியைக் கொண்டுவந்தவன் நான், வழியெல்லாம் எதிரே வந்தவன் எனக்குக் கும்பிடு போட்டான், அதைச் சொன்னால் சிரிப்பார்கள், சிரிக்கட்டும், தாளில் எழுதினால் சிரிக்க மாட்டார்கள், தாளில் எழுதியதற்கு முத்திரை குத்துவார்கள்.

முதல் மூன்று தாளும் சும்மா. நாலாம் தாளில் எழுதியிருந்தேன், மலைக்குரங்கு கேபினில் புகுந்து கண்ணாடியை எடுத்துப் போய்விட்டது, மூன்று முதல் ஐந்து வரை தேடினேன், வேறு வேலை. நாலாம் நாள் மூன்று மணிக்குக் குரங்கு வந்தது. சிரித்துக்கொண்டேதான் துரத்தினேன், குரங்கு வருகிற ஊர்தானே. எட்டாம் தாளில் இரண்டு முதல் நாலு வரை மழை, காத்திருப்பு. பங்குனி வெயிலில் எங்கே மழை. எட்டாம் நாள் இரண்டுக்கு ஆரம்பித்து நாலுக்கு விட்டது, குழாயை மூடுகிற மாதிரி நின்றது, ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு சொட்டு இல்லை, கடைக்காரன் வந்து காட்டினான். அன்றைக்கும் நான் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன். பதினோராம் நாள்தான் சிரிக்கவில்லை. அந்தத் தாளில் ஒரு ஆள் வந்து மூக்குத்திப்பாளையத்துக்கு வழி கேட்டதாகவும், பாலம் வரைக்கும் கூடவே போய் வழி காட்டியதாகவும் எழுதியிருந்தேன். மூக்குத்திப்பாளையம் என்று ஊரே கிடையாது. டீக்கடைக்காரன் பெண்டாட்டி மூக்கைப் பார்த்துக்கொண்டே நான் கட்டின ஊர் அது. பதினோராம் நாள் காலை ஒன்பதரைக்கு ஒரு ஆள் வந்தான், வெள்ளை வேட்டி, கையில் மஞ்சள் பை, அந்தப் புழுதியில் நடந்து வந்தவன் காலில் புழுதியே இல்லை. ஏனுங், மூக்குத்திப்பாளையத்துக்கு எப்படிப் போகோணுமுங் என்றான். அப்படி ஒரு ஊரே இல்லையே என்று சொல்ல வாயைத் திறக்கிறேன், கால் நடக்கிறது. பாலம் வரைக்கும் நடந்தேன். கை தானாக மேற்கே நீண்டது. நீங்க சொன்னா சரியாத்தானுங் இருக்கும் என்று சொல்லிவிட்டு அவன் போனான். அந்தப் பக்கம் கல்குவாரிதான், அதற்கப்புறம் ஒன்றும் இல்லை. போனவன் திரும்பவில்லை. இன்னும் போய்க்கொண்டிருக்கிறானோ. இல்லாத ஊருக்கு வழி எவ்வளவு தூரம் இருக்கும்.

பதினைந்தாம் நாளில் ஏமாற்றிப் பார்த்தேன். தாளில் என்ன எழுதியிருந்தேன் என்றால், டீக்கடையில் செருப்பு மாறிப்போய்விட்டது, வந்து பார்த்தால் இரண்டும் இடது கால், மாற்றித் தேடினேன், பதினொன்று முதல் பன்னிரண்டு. சரி, செருப்பே போடாமல் போகிறேன், எப்படி மாறும் பார்க்கலாம் என்று செருப்பைக் கேபினில் கழற்றி வைத்து, கதவைப் பூட்டி, வெறுங்காலோடு டீக்கடைக்குப் போனேன். உள்ளங்கால் பொரிந்தது. சிரித்தார்கள். திரும்பி வந்து கதவைத் திறந்தேன். கிளச்சுக்குப் பக்கத்தில் ஜோடியாக இருந்தது செருப்பு. இரண்டும் இடது கால். இரண்டும் என் செருப்புதான், அதே தேய்மானம், அதே அறுந்த வார், இரண்டிலும் சுண்டுவிரல் பக்கம் அதே ஓட்டை. என் வலது கால் எங்கே போனது. இப்போதும் அதைத்தான் போட்டிருக்கிறேன், வலது கால் விரல்கள் உள்ளே மடங்கிக்கொண்டு, பிரேக்கில் வைத்தால் நழுவுகிறது. அன்றைக்குத்தான் மீதித் தாளில் என்ன எழுதினோம் என்று ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். பதினாறு, பல்லி விழுந்தது. பதினேழு, ரேடியேட்டரில் தவளை. பதினெட்டு, தெரியாத ஒருவன் என்னைக் கட்டிப்பிடித்து அழுதது, அது நேற்று, அவன் சட்டையின் ஈரம் இன்னும் என் தோளில் இருக்கிற மாதிரி இருக்கிறது. பத்தொன்பது. பத்தொன்பதில் என்ன எழுதினோம் என்று யோசித்தபோது முதலில் ஞாபகம் வரவில்லை. அப்புறம் வந்தது. பத்து முதல் பன்னிரண்டு ஓய்வு. பன்னிரண்டு மணி, தங்கை பாவாயி இறந்த தகவல் போனில். பன்னிரண்டரை முதல் விடுப்பு, கொங்கணாபுரம்.

எவன் எழுதுவான் கூடப் பிறந்தவள் பேரை. நான் எழுத நினைக்கவே இல்லை. முப்பது தாளில் ஒரு சாவாவது இருந்தால்தான் நம்புவார்கள், இறப்பு என்று எழுதினேன், உறவு என்ற இடத்தில் தங்கை என்று எழுதினேன், பேர் வேண்டும், சித்தப்பன்களையும் மச்சான்களையும் எல்லாம் ஏற்கெனவே சாகடித்தாகிவிட்டது, போன வருஷமே சசிரேகா உங்களுக்கு மொத்தம் எத்தனை மச்சானுங் பெரியப்பா என்று கேட்டுவிட்டது, ஏதாவது புதுப் பேர் என்று பேனாவைக் கடித்துக்கொண்டு இருந்தபோது பெஞ்சில் கிடந்த போன் ஒலித்தது. திரையில் பாவாயி என்று இருந்தது. கண் பார்த்ததைக் கை எழுதிவிட்டது. எழுதின கையாலேயே போனை எடுத்தேன். அண்ணா, எருமை கன்னு போட்டுருச்சுங்ணா, கெடேரி, நெத்தீல வெள்ளைங்ணா என்றாள். எந்தக் காலத்திலும் மெதுவாகப் பேசத் தெரியாதவள். சின்ன வயசில் நான் விடுகிற புளுகை எல்லாம் உட்கார்ந்து கேட்பது அவள் ஒருத்திதான், வாயைத் திறந்துகொண்டு, ஈ போனாலும் தெரியாது, நிறுத்தினால் பொறவு என்பாள். புளியங்கொட்டையை முழுங்கினால் காது வழியாகச் செடி வரும் என்றேன், பொறவு என்றாள், செடி மரமாகும் என்றேன், பொறவு என்றாள், மரத்தில் ஊஞ்சல் கட்டுவார்கள் என்றேன், யாருங்ணா ஆடுவா என்றாள். ஒரு மாசம் காதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டு திரிந்தாள். ஐம்பத்தெட்டு வயசாகிவிட்டது. ஓசூர் ரிவர்ஸ் கதையை உலகத்தில் நம்பினது அவள் மட்டும்தான். கழுத்து வலிக்கலையாங்ணா என்று கேட்டாள். பெண்டாட்டி போன பிறகு எனக்கு இருக்கிறது இந்த லாரியும், பொறவு என்று கேட்க அந்த ஒரு வாயும்தான்.

எட்டு மணிக்கே ஆபீஸுக்குப் போனேன். சசிரேகா அப்போதுதான் முத்திரையில் தேதியைத் திருப்பிக்கொண்டிருந்தது. கண்ணு, பத்தொம்பதாம் தாளைக் கொஞ்சம் குடு, ஒரு திருத்தம் என்றேன். தாளா, அதெல்லாம் அன்னைக்கே ஸ்கேன் பண்ணி மேல அனுப்பியாச்சுங் பெரியப்பா, இங்க தேதி மட்டுந்தான் என் வேலை என்றது. அதைக் கிழிச்சுப் போட்டுரு கண்ணு. கிழிக்கறதா, முப்பது நம்பரும் வரிசையா இருக்கோணும், ஒரு நம்பர் விட்டாலும் தணிக்கைக்காரன் எனக்குப் பாடை கட்டிருவானுங் என்று சிரித்தது. பாடை என்ற வார்த்தையை இன்றைக்கா சொல்வது. நான் நின்றேன். என்னமோ நினைத்துக்கொண்டு உண்மையைச் சொல்லிவிட்டேன், குரங்கிலிருந்து செருப்பு வரைக்கும் எல்லாம் சொன்னேன், காலைத் தூக்கிக் காட்டினேன். அது வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது அதற்கு. இதுதானுங் பெரியப்பா நீங்க சொன்னதுலயே நெம்ப நல்லாருக்குது, செருப்பு சூப்பருங், தவளையை விட்டுறலாம். தாள் அத்தனையும் பொய்யின்னு மேல எழுதிக் குடுத்தரட்டுமா என்றேன். சிரிப்பு நின்றது. குடுங்க, இருவத்திரண்டு டிரைவருக்கும் பேட்ஜைப் புடுங்கட்டும், நாளைக்கு இருவத்திரண்டு வீட்டுலயும் அடுப்பெரியாது, உங்க பேரைச் சொல்லி. அப்புறம் டக்கென்று அது முத்திரையைக் குத்தியது. அந்தச் சத்தம், மரத்தில் ஆணி இறங்குகிற சத்தம், அப்போதிருந்து காதுக்குள் இருக்கிறது.

பஸ் ஏறினால் முக்கால் மணி நேரத்தில் கொங்கணாபுரம், அவள் வீடு. பத்து தடவை இறங்கி ரோடு வரைக்கும் போய்ப் பத்து தடவை திரும்பி வந்துவிட்டேன். தாளில் கொங்கணாபுரம் என்றுதான் எழுதியிருக்கிறது. போனால், எழுதினபடிதானே போகிறேன், பாதித் தாளை நானே நிறைவேற்றி வைக்கிறேன், மீதிப் பாதி சும்மா இருக்குமா. போகாமல் இருந்தால், மூக்குத்திப்பாளையத்துக்காரன் வந்தபோது கால் தானாகத்தானே நடந்தது. போன் போட்டுக் கேட்கலாமா, நல்லாருக்கியா பாவா என்று, கேட்டால் அதுதான் தகவல் வருகிற போனாக ஆகிவிட்டால். அணைத்து வைக்கலாம். செருப்பைப் பூட்டி வைத்தாயே, என்ன ஆயிற்று. அவள் என்ன செய்துகொண்டிருப்பாள் இப்போது, கன்றுக்குட்டிக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருப்பாள், கிணற்றடி வழுக்கும், பாசி, போன தடவையே சொன்னேன் சுண்ணாம்பு போட்டுத் தேய் என்று, கிணற்றை நினைக்காதே, திண்ணையில், இல்லை, கட்டிலில் உட்கார்ந்து அவரை உரித்துக்கொண்டிருக்கிறாள் என்று வை, கட்டிலுக்கு மேலே ஓடு, ஓட்டுக்குள் தேள், ஐயோ, எங்கே உட்கார வைத்தாலும் அங்கே ஒன்று வருகிறது, நாற்பது வருஷமாகக் கதை கட்டிய மண்டை, ஒருத்தியைச் சும்மா உட்கார வைக்கத் தெரியவில்லை அதற்கு. பதினொன்று பன்னிரண்டு. நாலைக் கழித்தால் பதினொன்று எட்டு. முன் கண்ணாடியில் மலை இன்னும் மூச்சு விடுகிறது. வேகமாக விடுகிற மாதிரி இருக்கிறது.

கதவைத் தட்டினான் மாதேசன். பக்கத்து வண்டிக்காரன், பத்து வயசு இளையவன், ஒரு பக்கக் கன்னம் போண்டா மாதிரி வீங்கியிருந்தது. தாடையைத் துண்டால் கட்டி உச்சியில் முடிச்சுப் போட்டிருந்தான், தாடைக்கட்டு, அந்தக் கட்டு யாருக்குக் கட்டுவார்கள் என்று தெரிந்தும் இப்படியா வந்து நிற்பது. அவுத்துத் தொலைடா அதை என்று கத்திவிட்டேன். ஏனுங்ணா, வலி உங்களுக்கா எனக்கா, எல்லாம் உங்க கைராசி என்றான். அவனுக்கும் தாளை நான்தான் எழுதிக் கொடுத்தேன், எழுத்துக்கூட்டத் தெரியாதவன், பதிமூன்றாம் தாளில் பல்வலி என்று எழுதினேன், அது வந்துவிட்டது. என்னுங்ணா மூஞ்சி இப்படி வெளுத்துக் கெடக்குது, தாளு சமாச்சாரமா என்றான். அவன் நம்புகிறான், கன்னம் வீங்கினவன் நம்பாமல் என்ன செய்வான். சொன்னேன். அவன் படிக்கட்டில் உட்கார்ந்து கன்னத்தை உள்ளங்கையில் தாங்கிக்கொண்டான். அப்புறம், எனக்கும் அது ஒரு நாளு தப்புச்சுதுங்ணா என்றான். பதிமூணாம் நாளு வண்டியைக் கழுவற எடத்துக்கு ஓட்டீட்டுப் போனனுங், நூறு கஜம், பொட்டி அதைப் புடிச்சுக்கிச்சு, சசிரேகா வந்து திட்டுச்சு, உனக்கு இன்னைக்கு ஓட்டுன நாளு, நின்ன நாளுத் தாளு செல்லாதுன்னு, அன்னைக்குப் பல்லு வலிக்கவே இல்லீங்ணா, முறுக்குத் தின்னன், மறுநாளுதான் புடிச்சுது. இன்னும் என்னமோ சொன்னான், ஆலைக்கு மேற்பார்வைக்கு வந்தவன் பேரோ என்னமோ, நான் கேட்கவில்லை. செல்லாது. செல்லாது. அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டேன். நின்ற நாளுக்குத்தான் தாள். சக்கரம் உருண்டால் அது ஓட்டின நாள். ஓட்டின நாளில் பத்தொன்பதாம் தாளுக்கு என்ன வேலை.

மணி பதினொன்று முப்பத்தைந்து, நாலைக் கழி, கழிக்காதே, கழிக்க நேரமில்லை. கதவுச் சாவி என்னிடம்தான், எஞ்சின் சாவி ஆபீஸில் பலகையில் தொங்கும், சரக்குச் சீட்டு இல்லாமல் கொடுக்க மாட்டார்கள். கண்ணு, பேட்டரி இறங்கிரும், பத்து நிமிஷம் எஞ்சினை ஓட விட்டுட்டுக் குடுத்தர்றேன் என்றேன். என் வாழ்க்கையில் நான் சொன்ன பொய்களில் இவ்வளவு சின்னது கிடையாது. சசிரேகா என்னைப் பார்த்தது. இந்த வெயிலுக்குத் தண்ணி கிண்ணி குடிச்சீங்களாங் பெரியப்பா. குடிச்சேன். எடத்தை விட்டு அசைக்கப்படாது, ஆமா. அசைக்கலை. சாவி கையில் விழுந்தபோது ஐஸ்கட்டி மாதிரி இருந்தது, தகரக் கூரைக்கு அடியில் அந்த வெயிலில் தொங்கின சாவி. ஏறினேன். திருகினேன். எஞ்சின் பிடித்தது, ஆனால் காற்று ஏற வேண்டும், பத்தொன்பது நாள் நின்ற வண்டி, பிரேக்கில் காற்றே இல்லை, முள் ஏறாமல் சக்கரம் விடாது, முள்ளைப் பார்க்கிறேன், மூன்று, கடிகாரத்தைப் பார்க்கிறேன், பதினொன்று நாற்பத்தெட்டு, முள் மூன்றரை, நாய்க்குப் பிறந்த முள், இரண்டு முள்ளும் போட்டி போடுகின்றன, ஒன்று ஏற மாட்டேன் என்கிறது, ஒன்று நிற்க மாட்டேன் என்கிறது. அதிரும்போது போன் மெல்ல மெல்ல நகர்ந்து என் பக்கமாக வருகிறது. கவிழ்ந்தபடியே வருகிறது. ஐந்து. ஆறு. உஸ் என்று காற்று விட்டது. கீழே குதித்து முன் சக்கரத்துக்கு வைத்த கல்லை உதைத்தேன், இடது கால் செருப்பு போட்ட வலது காலால், வலி உச்சிக்குப் போனது, கல் உருண்டது.

பதினொன்று ஐம்பத்தேழுக்குச் சக்கரம் உருண்டது. எங்கே போவது, கேட் பூட்டியிருக்கிறது, பேட்டைக்குள் ஒரே ஒரு வழி, நடுவில் இருக்கிற தண்ணீர்த் தொட்டியைச் சுற்றுவது. சுற்றினேன். முதல் கியரில், ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து, ஒரு சுற்று. டிரைவர்கள் வண்டிக்கு அடியிலிருந்து ஒவ்வொருவனாக எழுந்து வந்தார்கள். யோவ் பெருசு, எந்த ஊருக்குங் சவாரி என்று ஒருத்தன் கத்தினான். மூக்குத்திப்பாளையத்துக்கு என்று கத்தினேன், சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று தெரிந்தது. இரண்டாம் சுற்று. தொட்டி மேட்டில் ஒருத்தன் மஞ்சள் பையோடு நிற்கிற மாதிரி இருந்தது. மூன்றாம் சுற்றில் பார்த்தேன், பை மட்டும்தான், யாரோ சோற்றுப் பையை மாட்டி வைத்திருக்கிறான். நாலாம் சுற்றில் பை இல்லை. சுற்று, பார்க்காதே, சுற்று. சசிரேகா ஆபீஸ் வாசலில் இரண்டு கையையும் ஆட்டுகிறது. கடிகாரம் பன்னிரண்டு நாலு காட்டியது, அதாவது பன்னிரண்டு. போன் ஒலித்தது. அது கவிழ்ந்து கிடந்ததால் யார் என்று தெரியாது, தெரியாமலா இருக்கும், திருப்பத்தில் அது புரண்டு மல்லாந்தது, முன் கண்ணாடியில் வெளிச்சம் தலைகீழாக அடித்தது, மலைக்கு நடுவில் பாவாயி என்று வலமிருந்து இடமாக. அவள் போனில் அவள்தான் பேச வேண்டும் என்று என்ன இருக்கிறது, பக்கத்து வீட்டுக்காரன் பேசலாம், அவள் மருமகன் பேசலாம். ஓட்டும்போது போன் எடுக்கக் கூடாது. நாற்பது வருஷத்தில் அந்தச் சட்டத்தை நான் ஒரே ஒரு தடவை மதித்தேன், அது இன்றைக்குத்தான். எடுக்கவில்லை. ஒலித்து ஒலித்து நின்றது. ஒரு சுற்று. மறுபடி ஒலித்தது. இன்னொரு சுற்று. ஓட்டுகிறேன், நான் ஓட்டுகிறேன், பெட்டியே, பார்த்துக்கொள், எழுதிக்கொள், இன்றைக்கு அர்த்தநாரி ஓட்டினான். பதினோரு சுற்றுச் சுற்றினேன். தொட்டியைச் சுற்றிப் புழுதி எழுந்து மலை மறைந்துவிட்டது. பன்னிரண்டு பத்துக்கு நிறுத்தினேன். மூன்றாம் தடவையாக ஒலித்தபோது எடுத்துக் காதில் வைத்தேன், பேசவில்லை. அந்தப் பக்கமும் பேச்சில்லை. மூச்சு மட்டும். அப்புறம், அண்ணா என்றாள்.

அண்ணா, போனை எடுக்கறதுக்கு என்னுங்ணா, லாரிக்கு அடீல தூங்கிட்டிருந்தீங்களா. நல்லாருக்கியா பாவா என்றேன். என்னமோ போங்ணா, காலைல இருந்தே நெஞ்சுல கல்லு வெச்ச மாதிரி இருந்துச்சு, பன்னெண்டு மணிக்குக் கண்ணு இருட்டிக்கிட்டு வந்துச்சு, விழுந்தர்றனோன்னு உங்களுக்குப் போட்டன், நீங்க எடுக்கலை, அப்பறம் தானாச் சரியாப் போச்சு, யாரோ கல்லை எத்திவிட்டாப்பல. இப்ப உங்களைக் கூப்புடலாம்னு, சும்மாதான். நான் ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டேன். அது இன்னும் சூடாக இருந்தது. அழுதேனா சிரித்தேனா, இரண்டும்தான். ஒரு சங்கதி தெரியுமா, இன்னைக்கு உன்ற அண்ணன் ஒரு ஆசிட் டேங்கரைத் தட்டுக்குள்ள சுத்தற கூளாங்கல்லு மாதிரி சுத்தியிருக்கறான் என்றேன். பொறவு என்றாள். அந்த ஒரு சொல்லை எத்தனை வருஷம் கேட்டாலும் காது நிறையாது. இரு, வந்து சொல்றேன் என்று சொல்ல வாயெடுத்தபோது சசிரேகா படிக்கட்டில் ஏறி ஜன்னலில் முகத்தை வைத்தது, வேர்த்து, கோபமாக. ஏனுங் பெரியப்பா, உங்களுக்குப் புத்தி கித்தி, அசைக்கலைன்னு சொல்லீட்டு இது என்னுங் கோயில் தேரா, மேல இருந்து போன் வந்துருச்சு, இன்னைக்கு உங்களுக்கு ஓட்டுன நாளாம், காலைல குத்துன முத்திரையை அடிச்சு எழுதோணும் இப்ப. அடிச்சுரு கண்ணு, நல்லா அடிச்சுரு என்றேன். பத்தொம்பதாம் தாளு செல்லாதல்ல. அது என்னை வினோதமாகப் பார்த்தது. செல்லாதா, அதெப்படிங் செல்லாமப் போகும், நம்பரு விடப்படாதுன்னு காலைலயே சொன்னனே, இன்னைக்குத்தான் செல்லாது, அடுத்த நின்ன நாளைக்குத் தள்ளிப் போகும். நாளைக்கு உங்களுக்குப் பத்தொம்பது.

மறுநாளுதான் புடிச்சுது என்று மாதேசன் சொன்னானே. முறுக்குத் தின்றான், மறுநாள் பிடித்தது. காதில் விழுந்தது, நான்தான் கேட்கவில்லை. சாவியக் குடுங்க என்று கையை நீட்டியது சசிரேகா. நான் கொடுக்கவில்லை. சாவியைத் திருகாமல் விரலுக்குள் வைத்து மூடிக்கொண்டேன், அது இன்னும் குளிர்ந்துதான் இருந்தது. நாளைக்கு எத்தனை மணிக்குக் கண்ணு ஆபீஸ் தொறப்பே என்றேன். எட்டுக்கு. நாளானைக்கு. எட்டுக்குத்தான், ஏனுங். ஞாயித்துக்கிழமை. ஞாயித்துக்கிழமை ஏதுங் ஆபீஸு, சாவிப் பலகையைப் பூட்டி முதலாளி வூட்டுல குடுத்துருவனல்ல. இன்றைக்கு வியாழன். மராமத்து முடிய இன்னும் பதினொரு நாள். அதற்கப்புறம் லோடு வந்தாலும், லோடு ஏற்றாத ஒரு நாள், காய்ச்சலில் படுத்த ஒரு நாள், பண்டிகை, பேட்ஜைப் பிடுங்கி வீட்டுக்கு அனுப்புகிற நாள், எனக்கு அறுபத்தாறு வயசு, எந்த நாளில் நான் நிற்கிறேனோ அந்த நாளில் பன்னிரண்டு மணிக்கு. புழுதி இறங்கிக்கொண்டிருந்தது. தொட்டி மேட்டில் மஞ்சள் பை மறுபடி இருந்தது, அதற்குப் பக்கத்தில் வெள்ளையாக ஏதோ. காதில் போன் இன்னும் இருக்கிறது, நான் அணைக்கவே இல்லை, அந்தப் பக்கம் கன்றுக்குட்டி கத்துகிறது, அவள் அதை அதட்டுகிறாள், திரும்பி வருகிறாள், வாயைத் திறந்துகொண்டு உட்காருகிறாள், எனக்குத் தெரியும்.

பொறவு, என்னுங்ணா ஆச்சு, என்கிறாள் பாவாயி. பொறவு?